மந்தாரை இலையும் மரவள்ளிப் படலமும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியை அறியாதவர் குறைவு. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேக வைக்கிறார்கள். இது சீக்கிரம் ஊசிப் போவதில்லை. சுக்கும் மிளகும் கிருமிகளை ஓரளவு அடக்குகின்றன. இலையோ எருக்குழியில் விழுந்தால் மக்கிப் போகிறது.

கெடாமல் காக்க வேண்டும், வேலை முடிந்ததும் மக்க வேண்டும். இந்த இரண்டு குணங்களும் ஒரே உறையில் அமைய விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். பாலிதீன் பையில் கட்டிய வெண்டைக்காய் வியர்த்து அழுகுவதையும், பழைய பை வரப்பில் கிடந்து மழைத் தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் தடுப்பதையும் உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது.

புதிய உறைக்கு மூலப்பொருள் மரவள்ளி மாவு. மாவையும் கிளிசரினையும் தண்ணீரில் காய்ச்சினால் கஞ்சி போல் கெட்டியாகும். அதை மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினால் கண்ணாடி போன்ற படலம் கிடைக்கும். ஆனால் ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் உடையும். இதற்குப் பலம் சேர்க்கத் துத்தநாக ஆக்சைடை நானோ துகளாகக் கலக்கிறார்கள். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்துகள்கள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கின்றன. கிராம்பு எண்ணெயும் லவங்கப்பட்டை எண்ணெயும் பூஞ்சணத்தை அடக்குகின்றன. எண்ணெய் கூடினால் கத்தரிக்காயில் கிராம்பு வாடை ஏறுவதும் உண்டு! துகள்கள் உணவில் கசியுமா, மண்ணில் சேர்ந்தால் நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லுமா என்பதையும் சோதித்தாக வேண்டும். அதனால் இவ்வகைப் படலங்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கின்றன.

நம் வயலுக்கு இதைவிட நெருங்கி வந்தது ஹெக்சனால். வெட்டிய புல்லில் எழும் பச்சை வாசனைக்குக் காரணமான பொருள்களில் அதுவும் ஒன்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடனும் இலங்கை ஆய்வாளர்களுடனும் சேர்ந்து 2012 முதல் இதை ஆராய்ந்தது. பழத்தின் செல்சவ்வைச் சிதைக்கும் நொதியை ஹெக்சனால் தாமதப்படுத்துகிறது. அறுவடைக்கு முன் தெளித்த மாங்காய் கூடுதல் நாட்கள் மரத்திலேயே நின்றது. விலை சரிந்த வாரத்தில் வந்த விலைக்குத் தள்ள வேண்டிய கட்டாயம் குறைகிறது. பெட்டிக்குள் ஹெக்சனாலை மெல்ல வெளிவிடும் நானோ நார்களும் ஆராயப்பட்டன.

கடையில் 'மக்கும் பை' என்று சொன்னால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது. சான்று பெற்ற பைகளிலும் பல, 60 டிகிரி அளவு சூடேறும் பெரிய உரக்கூடங்களில்தான் முழுவதும் மக்கும். வயல் மண்ணில் புதைத்தால் நெடுநாள் அப்படியே கிடக்கலாம். நல்ல உறை கைக்கு வரும்வரை, வெண்டைக்காயை வெயில் ஏறுமுன் பறித்து, வாழை இலை பரப்பிய மூங்கில் கூடையில் நெருக்காமல் அடுக்கி, நிழலில் வைத்துச் சந்தைக்கு அனுப்பலாம்.