குழி விழுந்த மார்பு: அறுவையா, பயிற்சியா?

சிலருக்கு மார்பின் நடுவெலும்பு உள்வாங்கி, அங்கே ஒரு பள்ளம் இருக்கும். மருத்துவர்கள் இதைப் ‘பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்’ என்பார்கள். மார்புச் சுவரில் வரும் பிறவி மாற்றங்களில் இதுவே அதிகம். ஏறத்தாழ 300 முதல் 400 குழந்தைகளில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. சிறு வயதில் கண்ணில் படாத பள்ளம், பிள்ளை மளமளவென்று உயரும் 12, 13 வயதில் ஆழமாகும். அதுவரை வெற்றுடம்போடு ஓடித் திரிந்த பையன் குளத்தில் இறங்க மறுப்பான். தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து நடக்கத் தொடங்குவான்.

வீட்டில் அப்போது இரண்டு பேச்சு எழும். “ஜிம்முக்குப் போனால் தானாக நிமிர்ந்துவிடும்” என்பார் ஒருவர். “ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும்” என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று எண்ணுவதால்தான் பின்னால் ஏமாற்றம் வருகிறது. பயிற்சி தசையை மாற்றும். அறுவை எலும்பின் இடத்தை மாற்றும். இதில் யாருக்கு எது தேவை என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எதனால் வருகிறது?

விலா எலும்புகள் நடுவெலும்போடு நேரடியாக ஒட்டுவதில்லை. இடையில் குருத்தெலும்பு இருக்கிறது. அந்தக் குருத்தெலும்பின் வளர்ச்சி பிசகும்போது நடுவெலும்பு உள்நோக்கித் தள்ளப்படுகிறது. முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் பல குடும்பங்களில் தலைமுறையாக வருவதைப் பார்க்கிறோம். கர்ப்ப காலத்தில் எதையோ தவறாகச் செய்துவிட்டதாக எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்ததாலும் இது வருவதில்லை.

பள்ளத்தோடு முதுகெலும்பு வளைவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை வழக்கத்துக்கு மீறிய உயரமாக, நீண்ட கை விரல்களோடு, கண் பார்வைக் கோளாறோடு இருந்தால் மார்ஃபான் குறைபாடு உள்ளதா என்றும் சோதிக்க வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியை அது வீங்க வைக்கக்கூடும். அப்படியானால் மார்புப் பள்ளத்தைவிட அதற்குத்தான் முதல் கவனிப்பு.

உள்ளே என்ன நடக்கிறது?

நடுவெலும்புக்கு நேர் பின்னால் இதயம். பள்ளம் ஆழமானால் இதயம் இடப்பக்கம் தள்ளப்படும். அதன் வலது கீழறை அழுந்தும். உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தொல்லையும் தெரியாது. ஓடும்போதும் மாடி ஏறும்போதும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே மூச்சு வாங்கும். சிலருக்கு நெஞ்சுவலியும் படபடப்பும் இருக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

எவ்வளவு ஆழம் என்பதை ‘ஹாலர் குறியீடு’ சொல்லும். 1987-இல் வந்த அளவு இது. சி.டி. ஸ்கேனில் மார்புக் கூட்டின் உள் அகலத்தை எடுத்து, பள்ளத்தின் அடியிலிருந்து முதுகெலும்பு வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். சாதாரண மார்பில் இது 2.5 அளவில் இருக்கும். அகலம் 26 செ.மீ., பள்ளத்துக்கும் முதுகெலும்புக்கும் இடையே 8 செ.மீ. என்றால் விடை 3.25. அதற்கு மேல் போனால் கடுமையானது என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. இதயத்துக்கு எக்கோ, நுரையீரலுக்கு மூச்சுச் சோதனை இரண்டும் வேண்டும். முடிந்தால் சைக்கிள் மிதித்தபடியோ டிரெட்மில்லில் ஓடியபடியோ ஆக்சிஜன் பயன்பாட்டை அளக்கும் சோதனையும் செய்ய வேண்டும். ஓய்வில் தெரியாத குறை உழைக்கும்போதுதான் வெளிப்படும் என்பதால் இந்தக் கடைசிச் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு.

பயிற்சி எதைத் தரும், எதைத் தராது?

நடுவெலும்பை வெளிப்பக்கம் இழுத்து நிறுத்தும் தசை உடம்பில் இல்லை. ஆகவே எத்தனை தண்டால் எடுத்தாலும் எலும்பு தன் இடத்துக்கு வராது. நெஞ்சுத் தசையை மட்டும் பெருக்கினால் இரு பக்கமும் மேடாகி, நடுவில் உள்ள பள்ளம் முன்னைவிட ஆழமாகத் தெரியவும் கூடும்.

ஆனாலும் பயிற்சியால் கிடைப்பது சிறிதில்லை. கூனிய தோளும் முன்தள்ளிய வயிறும் பள்ளத்தைப் பெரிதாகக் காட்டுகின்றன. முதுகின் மேல்பகுதித் தசைகளை வலுவாக்கி, இறுகிய நெஞ்சுத் தசைகளைத் தளர்த்தினால் நிமிர்ந்து நிற்க முடியும். பார்வைக்கே வேறுபாடு தெரியும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துச் சேர்க்கும் பயிற்சி, நீச்சல், ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி ஆகியவை நல்ல தொடக்கம். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது. ஓட்டமும் சைக்கிளும் தாங்கும் திறனை உயர்த்தும்.

அமெரிக்க நீச்சல் வீரர் கோடி மில்லருக்கு இதே குழி விழுந்த மார்புதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வெண்கலம் வென்றார். மெட்லி தொடர் நீச்சலில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். மார்பில் பள்ளம் இருப்பதாலேயே ஒருவரின் உடல் திறன் முடிந்துபோவதில்லை என்பதற்கு அவர் சான்று. அதேசமயம், மூச்சு வாங்கித் தவிக்கும் பிள்ளையிடம் அவரைக் காட்டி “அவனால் முடியும்போது உன்னால் ஏன் முடியாது” என்று கேட்பது நியாயமில்லை. ஒவ்வொரு இதயமும் அழுந்தும் அளவு வேறு.

அறுவை என்றால் என்ன?

மார்க் ராவிட்ச் 1949-இல் வெளியிட்ட முறையில், மார்பைத் திறந்து பிசகிய குருத்தெலும்புகளை வெட்டி எடுத்து, நடுவெலும்பை நிமிர்த்துவார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டொனால்ட் நஸ் 1987-இல் வேறு வழியைத் தொடங்கினார். அதன் விவரம் 1998-இல் வெளியான பிறகு உலகெங்கும் பரவியது. இதில் எலும்பை வெட்டுவதில்லை. விலாவின் இரு பக்கமும் சிறு கீறல் போட்டு, வில்லாக வளைத்த உலோகப் பட்டையைக் கேமரா வழியே பார்த்துக்கொண்டே இதயத்துக்கும் நடுவெலும்புக்கும் இடையில் நுழைப்பார்கள். பிறகு பட்டையைத் திருப்பியதும் எலும்பு வெளியே எழும். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பட்டை உள்ளேயே இருக்கும். மார்பு அந்த வடிவில் உறுதிப்பட்டதும் இன்னொரு சிறிய அறுவையில் அதை எடுத்துவிடுவார்கள்.

வடிவம் உடனே மாறும். இதயத்தின் மீதுள்ள அழுத்தம் குறையும். மூச்சுச் சோதனை எண்களில் பெரிய தாவல் பொதுவாக இருக்காது. வலியைப் பற்றி முன்பே நேர்மையாகப் பேசிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் கடினமானவை. விலா நரம்புகளைக் குளிர்வித்து மரக்க வைக்கும் முறை வந்தபின் இந்த வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மார்பில் மரத்த உணர்வு சில மாதங்கள் நீடிக்கும். கனமான பை தூக்குவது, மோதி விளையாடுவது இரண்டையும் மருத்துவர் சொல்லும் வரை ஒதுக்க வேண்டும்.

பட்டை நகர்ந்துவிடலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கலாம், தொற்று வரலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டானியம் பட்டை தேவைப்படும். மிக அரிதாக இதயத்தில் காயம் ஏற்பட்டதும் உண்டு. எனவே இந்த அறுவையை அடிக்கடி செய்து பழகிய கைகளைத் தேடிப் போங்கள். “இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

வயதும் முக்கியம். மிகச் சிறு குழந்தைகளுக்கு விரிவான திறந்த அறுவை செய்ததில், மார்புக் கூடே வளராமல் குறுகிப்போன நிலை 1990-களில் பதிவாகியிருக்கிறது. அதனால் நான்கைந்து வயதில் அவசரப்படக் கூடாது. எலும்பு இன்னும் இளகியிருக்கும் பதின்ம வயதே பெரும்பாலும் ஏற்ற காலம். பெரியவர்களுக்கும் செய்யலாம், ஆனால் மார்பு இறுகிவிட்டதால் வலி கூடும், ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் தேவைப்படலாம்.

நடுவழி ஒன்றும் உண்டு

ஜெர்மானியப் பொறியாளர் எகார்ட் குளோபே, தமக்கே இந்தப் பள்ளம் இருந்ததால், ‘வேக்குவம் பெல்’ என்ற கருவியை உருவாக்கினார். மார்பின் மேல் வைத்துக் காற்றை உறிஞ்சினால் எலும்பு மேலே இழுக்கப்படும். தினமும் நேரம் ஒதுக்கி, ஓராண்டுக்கு மேல் விடாமல் பயன்படுத்த வேண்டும். ஆழம் குறைந்த, இளகிய மார்புள்ள சிறுவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. இறுகிய, ஆழமான பள்ளத்துக்குப் பெரிதாக உதவாது.

எப்படி முடிவெடுப்பது?

சோதனைகள் சரியாக இருந்து, பிள்ளைக்கும் மனக்குறை இல்லையென்றால் சிகிச்சையே வேண்டாம். நிமிர்ந்து நடக்கவும் விளையாடவும் பழக்குங்கள். வளரும் வயது முடியும் வரை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். இதயம் அழுந்துவது உறுதியானால், அல்லது உழைக்கும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தால், அறுவை பற்றிப் பேசும் நேரம் அது. அப்போதும் பயிற்சி வீணாகாது: அறுவைக்கு முன் உடல் வலுவாக இருந்தால் பின்னால் எழுந்து நடப்பது எளிதாகும்.

உடலில் குறையில்லை, ஆனால் வெட்கம் வாட்டுகிறது என்றால்? அதுவும் உண்மையான வேதனைதான். “இதெல்லாம் ஒரு விஷயமா” என்று தள்ளிவிடாதீர்கள். அறுவைக்குப் பின் தங்கள் உடலைப் பற்றிய எண்ணமே மாறியதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு ஓராண்டுப் பயிற்சியும் மனம்விட்ட பேச்சுமே போதுமானதாக இருக்கும். முதலில் அதை முயன்று பார்க்க நேரம் இருக்கிறது.

செலவையும் முன்கூட்டியே கேளுங்கள். வெளியே தெரியும் பிறவி மாற்றங்களுக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிக்கைகளோடு விண்ணப்பித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சு எல்லாம் பிள்ளையின் முன்னிலையில் நடக்கட்டும். வலியைத் தாங்கப்போவதும், மாதக்கணக்கில் பயிற்சி செய்யப்போவதும் அவன்தான். சோதனை முடிவுகளை அவனுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டபின் முடிவெடுங்கள்.