29 வருஷம் வராத கப்பல்

மாயவரத்தில் பஸ் ஏறி, செம்பொன்னார்கோயில், திருக்கடையூர் எல்லாம் தாண்டித் தரங்கம்பாடியில் இறங்குங்கள். 1792-ல் கட்டிய கோட்டை வாசல் ஒன்று உங்களை வரவேற்கும். உள்ளே நுழைந்து ராஜா வீதியில் நேரே நடந்தால் கடல். ஊர் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன ஊருக்குள் இருக்கும் சரித்திரம் சின்னதல்ல.

டென்மார்க்காரர்கள் வரும் முன்பே ஊர் இருந்தது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலுக்கு 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் நிலம் அளித்திருக்கிறான். கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியை அலைகள் தின்றுவிட்டன.

1620-ல்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர்கள் தாக்கினார்கள். தப்பிக் கரையேறிய கிராப்பேயையும் பதின்மூன்று பேரையும் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ரகுநாத நாயக்கர் முன் நிறுத்தினார்கள். கைதியாக வந்தவர் வியாபாரம் பேசத் தொடங்கிவிட்டார்! பின்னாலேயே தளபதி ஓவே கெத்தே வந்து சேர, அந்த நவம்பரில் உடன்படிக்கை முடிந்தது. ஆண்டுக்கு 3111 ரூபாய் கப்பம். கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டிலேயே கடிதம் எழுதினார்.

கோட்டை எழுந்தது. மிளகு வியாபாரம் நடந்தது. அப்புறம் டென்மார்க்கில் யுத்தமும் கடனும். 1639-க்குப் பிறகு அங்கிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 29 வருஷம்!

சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, மருந்து இல்லை. வந்தவர்கள் செத்தார்கள், ஓடினார்கள். கோட்டைப் பொறுப்பு கடைசியில் எஸ்கில்ட் கோங்ஸ்பக்கே என்ற சாதாரண மனிதர் தலையில் விழுந்தது. 1655-க்குப் பிறகு அங்கே டென்மார்க்காரர் என்று எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே என்கிறார்கள். கப்பம் கட்டவில்லை என்று தஞ்சாவூர்ப் படை முற்றுகை போட்டது, ஒரு தரமல்ல, பல தரம். மனிதர் அசையவில்லை. வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து விற்றார். (கொள்ளைதான், வேறு பெயர் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.) அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். பிறகு நாயக்கரோடு சமாதானமும் செய்துகொண்டார். மற்ற தேசத்துக் கப்பல்களில் ஊருக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1669 மே மாதம் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்தது. வந்தவர்களுக்கு ஒப்படைக்கக் கோட்டையும் இருந்தது, ஊரும் இருந்தது!

அந்த மதிலுக்குள்தான் பிற்பாடு தெருக்கள் வளர்ந்தன. 1706-ல் சீகன்பால்கு பாதிரியார் வந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தபடியால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். காகிதத்துக்காகப் பொறையாறு பக்கத்தில் பட்டறை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்றே பெயர் வந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த ஊரை 1845-ல் டென்மார்க் விற்றது. வங்காளத்து சீராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். வாங்கிய ஆங்கிலேயருக்கு இந்தத் துறைமுகம் தேவைப்படவில்லை. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-ல். 1986-ல் அதுவும் நின்றுபோயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை சுனாமி இந்தக் கரையில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. கோட்டை மட்டும் நிற்கிறது.

கோட்டைக்குள் ஒரு பொருட்காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். நிதானமாகப் பார்த்துவிட்டு மேல்தளத்துக்கு ஏறுங்கள். அங்கே நின்றால் கிழக்கே வெகுதூரம் கடல் தெரியும். கோங்ஸ்பக்கே கப்பலுக்குக் காத்திருந்தது அந்தத் திசையைப் பார்த்துத்தான்.