பின்கட்டுக்கு ஏற்ற நெருப்பு

தெலுக் இந்தானில் எந்தத் தாமானுக்குள் போனாலும் வீடுகளின் முகம் ஒன்றுபோலவே இருக்கும். வீட்டுக்கு வீடு வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பின்சந்து வழியாக நடக்க வேண்டும். ஒரு வீட்டில் தகரக் கூரை இறக்கி, இடுப்புயரச் சுவர் எழுப்பி, குவாலி அடுப்பும் கேஸ் தோங்கும் வைத்திருப்பார்கள். அடுத்த வீட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நான்கு செங்கல்லும் கருகிப்போன கம்பிவலையும் கிடக்கும். இன்னொரு வீட்டில், அண்மையில் லோரியில் வந்து இறங்கிய ஆறு பெர்னர் கிரில், மூடியோடும் உறையோடும் கம்பீரமாக நிற்கும்.

வெளியே சமைப்பது நமக்குப் புதிதில்லை. தோட்டத்து லயங்களில் குசினி பின்னால்தான் இருந்தது. பால்மர விறகின் புகையும் கருவாட்டு வாசமும் அங்கேயே நின்றன. வீடு விற்பவர்கள் அதற்கு 'வெட் கிச்சன்' என்று பெயர் வைத்ததும், மேலே பளிங்குக்கல் போட்டதும் பிறகு வந்த கதை. இப்போது புதிதாக வந்திருப்பது விலைப்பட்டியல். அதில் உள்ள பெரும்பாலான சாமான்கள் வறண்ட காற்றும் குளிர்காலமும் உள்ள நாடுகளில், தடித்த மாட்டிறைச்சியைச் சுடுபவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. நாம் சுடுவது திருக்கை, கெம்போங், மசாலா தடவிய கோழி, சாத்தே. அதைவிட அதிகமாகச் செய்வது குழம்பும் பெரட்டலும். ஆகவே எந்த கிரில் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த நெருப்பு வேண்டும் என்று கேட்பதுதான் முறை.

குவாலிக்கு வேண்டியது எழும்பும் சுடர். அதன் உருண்ட அடியைச் சுற்றி நெருப்பு தழுவி மேலேற வேண்டும். ஐந்து கிலோ ஆட்டுக்கறியைப் பெரட்டும்போது சூடு இறங்கிவிடக் கூடாது. கிரில்லில் நடப்பது வேறு. அங்கே சுடரின் வேலை குறைவு. சிவந்த கரியோ, சூடேறிய இரும்போ, கீழிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெப்பத்தை வீசுகிறது. இந்தக் கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்பது இயற்பியல். வெப்பநிலையை உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கணக்குப் போட்டால், 500 டிகிரி செல்சியஸில் இருக்கும் கரி 700 டிகிரிக்கு ஏறும்போது அது வீசும் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. விசிறியால் நாலு வீசு வீசியதும் சாத்தே சடசடவென்று வேகத் தொடங்குவது இதனால்தான். மூன்றாவது வகை மூடி போட்ட அடுப்பு. சூடான காற்று உள்ளே சுற்றிவந்து முழுக் கோழியை எல்லாப் பக்கமும் வேகவைக்கும். இந்த மூன்றையும் ஒரே பெட்டி சமமாகச் செய்யும் என்று விற்பனையாளர் சொன்னால், சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போகலாம்.

கேஸ் கிரில் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது பி.டி.யு. எண். அது மணிக்கு எவ்வளவு கேஸ் எரியும் என்பதற்கான அளவு. உணவுக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதை அது சொல்வதில்லை. 60,000 பி.டி.யு. என்றால் சுமார் பதினேழரை கிலோவாட். எல்லா பெர்னரையும் முழுதாகத் திறந்தால் மணிக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கேஸ் போகும். 14 கிலோ தோங் பதினோரு மணி நேரம்கூடத் தாங்காது. மெல்லிய தகட்டு மூடியும் இடைவெளி விட்ட பின்பக்கமும் உள்ள கிரில்லில், அந்தச் சூட்டில் பெரும்பகுதி பின்சந்துக்குத்தான் போகிறது. எண் சிறியதாக இருந்தாலும் மூடி கனமாக, கம்பிகள் தடிப்பாக இருக்கும் கிரில்லே மேல்.

இன்னொரு சிக்கல் அழுத்தம். வெளிநாட்டிலிருந்து நேரே வாங்கிவரும் கிரில்களில் சில, புரொப்பேன் மட்டும் நிரப்பிய சிலிண்டருக்காகச் செய்தவை. நம் தோங்கில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். அழுத்தம் வேறு, ரெகுலேட்டரின் வாய் வேறு, பெர்னருக்குள் கேஸ் நுழையும் ஊசித்துளையின் அளவும் வேறு. ஒட்டுப்போட்டு இணைப்பது விளையாட்டல்ல. வீட்டு அடுப்புக்குக் குறைந்த அழுத்த ரெகுலேட்டர். கடைகளில் சீறும் குவாலி அடுப்புக்கு உயர் அழுத்தம். இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது. கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதையும் மேசை கட்டும் கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும். தோங் வைக்கும் அறைக்கு மேலே சன்னல் வைத்துப் பயனில்லை. தரையை ஒட்டித் திறப்பு வேண்டும். பக்கத்தில் மூடிய கால்வாய் இருந்தால், கசிந்த கேஸ் அங்கே போய்த் தேங்கும்.

கரிக்கு வருவோம். இங்கேதான் பேராக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. இதே மாநிலத்தின் வடக்கே, தைப்பிங்கைத் தாண்டி, குவாலா செபேத்தாங்கில் அலையாத்தி மரத்தைக் கரியாக்கும் சூளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மரம் தருவது சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புக்காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காப்புக்காடாக வைத்துப் பராமரிக்கிறார்கள். அங்கே பாக்காவ் என்ற அலையாத்தி மரத்துக்கு முப்பது ஆண்டுச் சுழற்சி. பதினைந்தாம் ஆண்டில் நான்கடிக் கோலை வைத்து அளந்து, ஒரு மரத்தைச் சுற்றி அந்த அளவுக்குள் நிற்கும் மற்ற மரங்களைக் கழிக்கிறார்கள். இருபதாம் ஆண்டில் ஆறடிக் கோல். கழித்தவை கட்டடத்துக்குக் கம்பாகப் போகின்றன. முப்பதாம் ஆண்டில் மிச்சம் நிற்பவை சூளைக்கு வருகின்றன.

சூளை செங்கல்லால் ஆன பெரிய கவிகை. ஒரு சூளைக்குள் சுமார் 40 டன் பச்சை மரத்தை நிற்க வைத்து அடுக்குகிறார்கள். ஒரு மாதம்போல் ஆன பிறகு வெளியே வருவது 10 டன் கரி. உள்ளே இருக்கும் மரத்துக்கு யாரும் தீ வைப்பதில்லை. வாசலில் எரியும் விறகின் சூடு உள்ளே போய் முதலில் ஈரத்தையும், பிறகு எண்ணெயும் அமிலமும் கலந்த ஆவியையும் துரத்துகிறது. சரியான நேரத்தில் வாசலை அடைத்துவிடுகிறார்கள். ஆவியின் வாசத்தை வைத்தே உள்ளே மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஆட்கள் அங்கே உண்டு. எஞ்சுவது பெரும்பாலும் கரிமம். அதனால்தான் நல்ல கரி புகையாமல் எரிகிறது. இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். உலோகம்போல் கணீரென்றால் நன்றாக வெந்த கரி. மந்தமாக ஒலித்தால் உள்ளே இன்னும் மரம் இருக்கிறது. அது புகையும், கண்ணை எரிக்கும்.

பாகான் டத்தோ பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. சிரட்டைக் கரியும் அடர்த்தியானது, நின்று எரிவது. பாக்கெட்டில் வரும் அச்சுக்கரி வேறு சாதி. தூளைப் பசைமாவு சேர்த்து அழுத்தியது. ஒரே சீராக எரியும், ஆனால் சாம்பல் அதிகம். அமெரிக்காவில் 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்காக அறுத்த மரத்தின் கழிவை இப்படி அச்சாக்கி விற்றதால் அது உலகெங்கும் பரவியது. நம்மிடம் பாக்காவ் கரி இருக்கும்போது அதை வாங்குவது, ஆற்றங்கரையில் இருந்துகொண்டு போத்தல் தண்ணீர் வாங்குவது மாதிரி.

கரியைப் போடும் பாத்திரத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். சாத்தேக்காரர்களின் நீண்ட, குறுகிய தொட்டியைப் பாருங்கள். அகலம் இறைச்சியின் நீளத்துக்கு மட்டுமே. குச்சியின் பிடி நெருப்புக்கு வெளியே நிற்கும். அது கருகாது, கையும் சுடாது. இதைவிட நல்ல சாத்தே அடுப்பை எந்த வெளிநாட்டுப் பொறியாளரும் இன்னும் செய்யவில்லை. பொரித்த மீன் கடைக்கும் நாசி கண்டார் கடைக்கும் மேசை செய்து கொடுக்கும் பட்டறையில் சொன்னால், தடித்த தகட்டில் அளவுபோட்டு வளைத்துத் தருவார்கள்.

முழுக் கோழிக்கு மூடி வேண்டும் என்றால் உருண்டைக் கிரில் போதும். சிகாகோவில் வெபர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே செய்துகொண்டிருந்த மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி 1952இல் உருவாக்கியது அது. அதன் சூட்சுமம் மேலும் கீழும் இருக்கும் காற்றுத் துளைகளில் இருக்கிறது. துளையைச் சிறிதாக்கினால் பிராணவாயு குறைந்து கரி அடங்கும். முழுதாக மூடினால் அணைந்துவிடும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். முட்டை வடிவில் வரும் பீங்கான் 'காமாடோ' ஜப்பானியச் சோற்றடுப்பின் வழிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் அதை ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் விலையைக் கேட்டால் நமக்கு வியர்க்கும்.

எதை வாங்கினாலும் அதை அரிக்கப்போவது ஈரம். ஸ்டேயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அந்த எஃகைக் காப்பது அதன் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். கீறினாலும் காற்றில் உள்ள பிராணவாயுவைக் கொண்டு தானே மூடிக்கொள்ளும். உப்பு அதன் எதிரி: கடற்காற்றின் உப்பு, மீனில் தடவிய உப்பு, சோயா சாற்றின் உப்பு. கிரில்லைக் கழுவாமல் ஈரத்தோடு உறைபோட்டு மூடினால் காற்றும் இல்லை, உப்பும் காயாது. சில மாதங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். காப்பதற்காக வாங்கிய உறையே கெடுத்துவிடும்.

304 என்ற தரத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 430இல் நிக்கல் இல்லை. வெளி அலங்காரத்துக்குச் சரி, பெர்னருக்குப் பக்கத்தில் வைத்தால் துருவேறிவிடும். 201இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். 430 ஒட்டும், 304 ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் 201உம் ஒட்டாது. பல மலிவுக் கிரில்கள் இந்தச் சோதனையில் தேறிவிடுவது அப்படித்தான். தரத்தின் எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். கடலை ஒட்டி வீடு இருந்தால் மாலிப்டினம் கலந்த 316 இன்னும் தாங்கும். கம்பிகளுக்கு வார்ப்பிரும்பும் நல்லது. தோசைக்கல்லைப் பழக்கத் தெரிந்த யாருக்கும் அதைப் பராமரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்கட்டில் குளிர்பெட்டியும் வைப்பதானால், அதன் ஒட்டுத்தாளைப் பாருங்கள். அதில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், பலர் கவனிப்பதில்லை. 'டி' என்றால் சுற்றுப்புறம் 43 டிகிரி வரை இருந்தாலும் வேலை செய்யும் வகை. 'என்' 32 டிகிரியோடு நின்றுவிடும். மதிய வெயிலில் தகரக் கூரையின் கீழ் 32 டிகிரி எந்த மூலைக்கு? மின்சாதனங்கள் நீர் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 வகையாக இருக்கட்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் என்பதால் 10 மில்லியாம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வயர்மேனிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் மேசை. இந்த ஊர் மண்ணைப் பற்றி நகர நடுவில் நிற்கும் சாய்ந்த கோபுரமே சாட்சி சொல்லும். 1885இல் லியோங் சூன் சோங் கட்டினார். உள்ளே தண்ணீர்த் தொட்டி. அந்தப் பாரத்தை இளகிய மண் தாங்காமல் கோபுரம் சாய்ந்தது. வீட்டின் பின்னால் முளையடிக்காமல் போட்ட சிமெண்டுத் தளத்தின் மேல் செங்கல் மேசை, கருங்கல் பலகை, பீட்ஸா அடுப்பு என்று ஏற்றினால், தளம் மெல்ல இறங்கி வீட்டுச் சுவரோடு விரிசல் விடும். சக்கரம் வைத்த அடுப்பும் அலுமினிய அலமாரியும் இங்கே புத்திசாலித்தனம். தூள்மரப் பலகை ஒரு மழைக்காலத்தில் ஊதிப்போகும். வெறும் சிமெண்டின் மேல் கரித்தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகள் வெடித்துத் தெறிக்கும். சூளைச் செங்கல் ஒரு வரி பரப்ப வேண்டும். கூரைக்கு வெளிச்சம் வரும் பாலிகார்பனேட் போடுகிறவர்கள், அது 150 டிகிரியை எட்டுவதற்கு முன்பே இளகிவிடும் என்பதை மனத்தில் வைத்து அடுப்பைத் தள்ளி வைக்கலாம். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் அடைத்துவிட்டுக் கரி மூட்டுவது உயிருக்கே ஆபத்து. கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

என்னைக் கேட்டால், ஒரு தடித்த வார்ப்பிரும்பு குவாலி அடுப்பு, காற்றுத்தடுப்போடு. பட்டறையில் செய்த ஒரு கரித்தொட்டி. வேண்டுமானால் ஓர் உருண்டைக் கிரில். தீபாவளிக்குத் திறந்த இல்லம் வைக்கும் குடும்பத்துக்கும் இது போதும். ஏற்கெனவே ஆறு பெர்னர் வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தாலோ, பெர்னரின் வாய்ப்பக்கம் தீ திரும்பினாலோ, தோங்கை மூடிவிட்டு, பெர்னர் ஆறியதும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். காற்றை உறிஞ்சும் அந்தக் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும், அல்லது குளவி மண்ணைக் குழைத்துக் குடியேறியிருக்கும். ஒரு நீண்ட தூரிகை இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். மிச்சப் பணத்தோடு சந்தைக்குப் போய் ஆற்று இறால் விலையைக் கேளுங்கள். கிரில் மலிவு என்று தோன்றும்.