முப்பத்திரண்டு புள்ளித் தோல்வி

அமெரிக்காவில் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால், ரசிகர்களின் பேச்செல்லாம் ஆட்ட முடிவுகளைப் பற்றியே. அங்கே சில கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து ஆடும் குழுவைக் 'கான்பரன்ஸ்' என்பர். அதற்குள் பெறும் வெற்றி தோல்விகளே தரவரிசையை வகுக்கின்றன. பெரிய கான்பரன்ஸ்களில் பருவ இறுதிப் போட்டியில் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் உறுதி. ஆகவே, "யாரை வென்றார்கள்? எங்கே? எத்தனை புள்ளியில்?" என்று ரசிகர்கள் ஓயாமல் வாதிடுவர்.

ஆனால் புள்ளிக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

1972-இல் தேசியப் போட்டிக்கு வட்டாரப் போட்டிகளே வாசலாக இருந்தன. பென்சில்வேனியாவிலுள்ள இம்மாக்குலேட்டா என்னும் சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி, அப்போட்டியில் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ஆயினும் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. வழிச்செலவுக்குப் பணமில்லை. மாணவியர் டூத் பிரஷ் விற்றுப் பணம் திரட்டினர். எட்டு வீராங்கனைகளே செல்ல முடிந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றதும் அதே வெஸ்ட் செஸ்டர்தான்! இம்முறை 52-48 என இம்மாக்குலேட்டா வென்றது.

பயிற்சியாளர் கேத்தி ரஷ் தலைமையில் 1973, 1974 ஆண்டுகளிலும் அவர்களே வாகை சூடினர். அக்கல்லூரியின் கன்னியரும் வாளிகளைத் தட்டி உற்சாகமூட்டினராம்!

நேற்றைய முடிவு நேற்றைய ஆட்டத்துக்கு மட்டுமே உரியது. தோற்ற அணியைத் தேற்றி, அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பிவைப்பவரே உண்மை ரசிகர்.