எடை குறையத் தாமதமானால் மனம் தளரலாமா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நம்மில் பலர் ஊக்கத்தோடுதான் தொடங்குகிறோம். காலையில் நடக்கிறோம், தேநீரில் சீனியை விடுகிறோம், இரவுச் சோற்றைக் குறைக்கிறோம். முதல் வாரம் தராசு இரண்டு கிலோ இறங்கிக் காட்டுகிறது. இரண்டாம் வாரம் அரைக் கிலோ இறங்குகிறது. நான்காம் வாரம் முள் அசையவில்லை. ஐந்தாம் வாரம் கால் கிலோ ஏறியும் இருக்கிறது. "இவ்வளவு பாடுபட்டும் பயனில்லை, நம் உடல்வாகு இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டு, ஆறாம் வாரம் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறோம். அந்த ஆறாம் வாரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இது அழகைப் பற்றிய பேச்சன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களுள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில், வயது வந்த மலேசியர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். இனிப்புநீர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்த நோய் கண்ணைக் கெடுக்கிறது; காலைக் கெடுக்கிறது; சிறுநீரகத்தைக் கெடுத்து, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்ப் படுக்க வைக்கிறது. ஆகவே ஆறாம் வாரத்தில் முயற்சியைக் கைவிடுவது சிறிய செய்தியன்று.

இந்த எடை நம்மிடம் எப்படி வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோர் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான பால்மரங்களை நடந்து நடந்து வெட்டினார்கள்; பால் வாளிகளைச் சுமந்தார்கள்; வீடு திரும்பி விறகு பிளந்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு பொருத்தமாகவே இருந்தது. பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்கிறது. நாமும் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தோம். ஏறுவதற்கு மின்தூக்கி, போவதற்கு மோட்டார் சைக்கிள், வேலைக்கு நாற்காலி என்று ஆகிவிட்டது. உழைப்பு மாறிய அளவுக்குத் தட்டு மாறவில்லை. ஆண்டுக்கு ஒரு கிலோ வீதம் ஏறினாலும் இருபது ஆண்டில் இருபது கிலோ. இருபது ஆண்டில் ஏறியது இரண்டு மாதத்தில் இறங்கவில்லையே என்று வருந்துவது நியாயமா?

சரி, முதல் வாரம் மட்டும் ஏன் விரைவாக இறங்குகிறது? சற்று விளக்கமாகப் பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்னும் பொருளாக மாற்றி, கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. இப்படிச் சேர்வது ஏறத்தாழ அரைக் கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. சோற்றையும் சீனியையும் குறைத்ததும் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவிடுகிறது. அதோடு தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்து இரண்டு கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீரே. கொழுப்பு கரையும் வேலை அதன் பின்னர்தான் அமைதியாக நடக்கிறது. அதாவது, நாம் மகிழ்ந்த வாரத்தில் கரைந்த கொழுப்பு கொஞ்சம். நாம் சோர்ந்துபோன வாரங்களில்தான் உண்மையான வேலை நடந்துகொண்டிருந்தது.

அடுத்து, எடை இறங்க இறங்க வேகம் ஏன் குறைகிறது? பளுவான லாரிக்கு எண்ணெய் அதிகம் வேண்டும்; பளு இறங்கினால் குறைவாகவே போதும். உடலும் அப்படித்தான். இளைத்த உடலுக்கு நடக்கவும் மூச்சு விடவும் முன்போல் அவ்வளவு சக்தி தேவையில்லை. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. உணவு குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவளித்து உடலைத் தேற்றுவது என்று அறிவதே அதன் நோக்கம். தாமாக முன்வந்த அந்த இளைஞர்கள் ஆறு மாதம் பாதி வயிற்றுக்கே உண்டார்கள். முதலில் எடை மளமளவென்று இறங்கியது. போகப் போக இறக்கம் மெதுவாயிற்று. நாடித் துடிப்பு குறைந்தது. அவர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது. உடல் தன் அடுப்பின் தணலைக் குறைத்துக்கொண்டதற்கு அவை அடையாளம். இது பஞ்ச காலத்தில் நம் முன்னோரைக் காத்த குணம். நம் சோம்பலோ உறுதிக் குறைவோ இதற்குக் காரணமன்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7,700 கலோரியைக் குறைத்தால் ஒரு கிலோ இறங்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 1958ஆம் ஆண்டில் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்னும் மருத்துவர் எழுதியதிலிருந்து பரவியது அது. ஒருவர் நாள்தோறும் 240 கலோரி குறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறத்தாழ 20 கலோரி. ஆகவே இது 12 தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். பழைய கணக்குப்படி அவர் ஓராண்டில் 11 கிலோவுக்கு மேல் இளைக்க வேண்டும். ஆனால் உடலின் சிக்கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட கெவின் ஹால் குழுவினர் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வேறு விடை தந்தார்கள். அதன்படி, அவர் முடிவில் இளைக்கக்கூடியது ஏறத்தாழ 10 கிலோ. அதில் பாதி, அதாவது 5 கிலோதான், முதல் ஆண்டில் இறங்கும். மீதி இறங்க மேலும் இரண்டு ஆண்டுகள் வேண்டும்.

ஓராண்டில் 5 கிலோ என்றால் சராசரியாக வாரத்துக்கு 100 கிராம். இனி தராசைப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீரே 200 கிராமுக்கு மேல் இருக்கும். முதல் நாள் கருவாடும் ஊறுகாயும் உண்டால், அந்த உப்பு உடலில் தண்ணீரைத் தேக்கி மறுநாள் எடையை ஏற்றிக் காட்டும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்பும் எடை ஏறும். ஒரு குவளைத் தண்ணீர் இரண்டு வார உழைப்பைத் தராசிலிருந்து மறைத்துவிட முடியும் என்றால், வாரா வாரம் அதைப் பார்த்து வெற்றி தோல்வியை முடிவு செய்வது எப்படிச் சரியாகும்?

இந்த இடத்தில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வை நேயர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். நீரிழிவு மருத்துவ அறிஞர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. அதன் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரத்தத்தில் சர்க்கரை சற்றே கூடியிருந்து, ஆனால் இன்னும் நீரிழிவு வராத 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் கூறினார்கள். மற்றொரு பிரிவினருக்கு வாழ்க்கை முறை மாற்றத்தைத் தொடர்ந்து கற்பித்தார்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் நாளுக்கு அரை மணி நேரமாவது விரைந்து நடக்க வேண்டும். சீனியை விட வேண்டும். தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். நார்ச்சத்துள்ள உணவைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். மற்ற இரு பிரிவுகளில் மெட்ஃபோர்மின் என்னும் மாத்திரையைத் தனியாகவும் இந்த மாற்றங்களோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள்.

மூன்று ஆண்டுக் கணக்கில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையையும் உணவையும் மாற்றியவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. வியப்பு என்னவென்றால், அப்படி மாற்றிக்கொண்டவர்களின் எடை குறையவே இல்லை! தராசை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் எல்லாரும் தோற்றவர்கள். ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் அந்தக் காலத்தில் நோய்க்குத் தப்பியிருந்தார்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்துகின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இந்த நன்மை எடை குறையும்வரை காத்திருப்பதில்லை.

அப்படியானால் எடை குறைய வேண்டியதே இல்லையா என்று கேட்கலாம். குறைந்தால் மிகவும் நல்லது. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்போடு உணவையும் கட்டுப்படுத்தியவர்கள் சராசரியாக 5.6 கிலோ இளைத்தார்கள். அவர்களிடையே புதிதாக நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 5.6 கிலோ என்பது பெரிய எடையன்று என்பதையும் கவனியுங்கள்.

ஆறாம் வாரத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, அளக்கும் முறையை மாற்றுவோம். வாரம் ஒரு நாள் மட்டும், காலைக்கடன் முடித்து, பசியாறுவதற்கு முன் எடை பார்ப்போம். நான்கு வார எடையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதை முந்திய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடுவோம். மாதம் ஒரு முறை நாடா கொண்டு இடுப்பின் சுற்றளவைப் பார்ப்போம். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே அது இருக்க வேண்டும். இது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. இரப்பர்க் கன்றை நட்டு, பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நாம். மரம் தயாராகிவிட்டதா என்று சுற்றளவை அளந்துதானே பார்த்தோம்? பத்துமலையின் 272 படிகளில் முன்பு எத்தனை முறை நின்று மூச்சு வாங்கினோம், இப்போது எத்தனை முறை என்று எண்ணுவதும் ஓர் அளவைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையில் எடுக்கும் சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் நம்பத்தக்க சான்றுகள்.

இரண்டாவது, முடிவுக்கு மதிப்பெண் போடாமல் செயலுக்கு மதிப்பெண் போடுவோம். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வகுப்பில் நாள்தோறும் காண்பது இது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் தேர்வில் புள்ளி ஏறாது. அதற்காகப் பாடத்தை நிறுத்திவிடுவதில்லை. வீட்டுப் பாடம் செய்த நாளெல்லாம் சரி போட்டு ஊக்கம் தருகிறோம். அதுபோல, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் நடந்த நாளுக்கு ஒரு கோடு, சீனி சேர்க்காத நாளுக்கு ஒரு கோடு போடுவோம். தராசு நம் கையில் இல்லை. அந்தக் கோடுகள் நம் கையில் இருக்கின்றன.

மூன்றாவது, தட்டை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். ஐந்தாறு வாரத்தில் கை தாராளமாகிவிடுவது இயல்பு. கரண்டியால் அளந்த எண்ணெய் கண்ணளவுக்கு வந்திருக்கும். மாலைத் தேநீருடன் ஒரு வடை நுழைந்திருக்கும். நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரு' என்று சொல்கிறது. இது நம் மருந்துக் கடைச் சுக்கன்று. மலாய் மொழியில் கால், கால், அரை என்று பொருள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதிக்குக் காய்கறியும் பழமும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் இதைச் செய்யலாம். முதல் முறை காய்கறியைக் கூடுதலாகக் கேட்டு, இரண்டாம் முறை சோற்றுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். தே தாரிக்குக்குப் பதில் 'தே ஓ கோசோங்' கேட்டால் டின் பாலும் சீனியும் போய்விடும்.

நான்காவது, வீட்டில் ஒருவர் மட்டும் பத்தியம் இருக்க வேண்டாம். அம்மாவுக்குத் தனியாக அவித்த காயும் மற்றவர்களுக்குப் பொரியலும் என்றால் அது நீடிக்காது. எல்லாருக்கும் ஒரே சமையலாக இருக்கட்டும். நடப்பதற்கும் அடுத்த வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் ஒரு வேளை கூடுதலாக உண்டுவிட்டால் ஆறு வாரமும் வீணாகிவிடாது. மறுநாள் காலை வழக்கம்போல் நடந்தால் போதும்.

அவசரப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்தவர்களைத் தேடித்தான் 'பத்து நாளில் பத்து கிலோ' என்னும் காப்பித் தூளும் மாத்திரையும் வருகின்றன. இத்தகைய பொருள்கள் சிலவற்றில் சிபுத்திராமின் என்னும் மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். இதயத்துக்குக் கேடு என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. இன்று மருத்துவர்கள் தரும் எடை குறைக்கும் ஊசிகளும் உண்டு. அவற்றை மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. இன்சுலினோ சர்க்கரைக்கு மாத்திரையோ எடுப்பவர்கள், உணவைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் சர்க்கரை திடீரென்று மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். பல மாதம் ஒழுங்காகச் செய்தும் எடை சிறிதும் அசையவில்லை என்றால், தைராய்டு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று அரசாங்க மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. அம்மி நகர்வது எந்த அடியில் என்று யாராலும் சொல்ல முடியாது. தராசு அசையாத வாரத்திலும் நம் இரத்தமும் தசையும் இதயமும் நன்மை பெற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே, இன்று ஆறாம் வாரத்தில் இருக்கும் நேயர்கள் நாளைக் காலையும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் புறப்படுங்கள்; ஏழாம் வாரம் தானே வரும்.