நண்பருக்கு ஒரு நாள், குசினியில் ஒரு மாலை

நீண்ட காலத்தின் பின் உங்கள் நண்பர் ஒருவர் ஊருக்கு வருகின்றார் என வைத்துக்கொள்வோம். ஒரே வாங்கில் உங்களோடு அமர்ந்து மறைக்கல்வி கற்றவர். ஒரே பீடத்தில் பூசைக்கு உதவியவர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு வழிகள் பிரிந்தன. அவர் இங்கு நிற்கும் பத்து நாள்களில் உங்களுக்குக் கிடைப்பது என்ன? ஒரு திருமண மண்டபத்தில் கைகுலுக்கல், ஓர் ஒளிப்படம், ஒரு கோப்பை தேநீர். “பிறகு ஆறுதலாகக் கதைப்போம்” என்கின்றோம். அந்தப் பிறகு வருவதேயில்லை.

ஆண்டவர் உயிர்த்த அந்த முதல் ஞாயிறின் பிற்பகலை எவ்வாறு செலவிட்டார் என்பதைப் புனித லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். சாவை வென்றவருக்கு எத்துணையோ அலுவல்கள் இருந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அவரோ எருசலேமிலிருந்து எம்மாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வழியில், மனமுடைந்த இருவரோடு அவர்களின் வேகத்திலேயே நடந்தார். நிகழ்ந்தவை அனைத்தையும் அறிந்தவர், அறியாதவர்போல் வினவி, அவர்கள் வாயாலேயே கேட்டார். பொழுது சாய்ந்ததும் தங்கிச் செல்லுமாறு அவர்கள் வற்புறுத்த, உடன்பட்டு உள்ளே சென்றார். அவர்களின் கண்கள் திறந்தது பந்தியில்தான்.

ஆகவே ஒரு ஞாயிறை உங்கள் நண்பருக்கென ஒதுக்குங்கள். காலைத் திருப்பலி முடிந்ததும் பஸ் ஏறி ஊர்காவற்றுறைப் பக்கம் செல்லலாம். பண்ணைப் பாலத்தின் இருமருங்கும் ஆழமற்ற கடல். அதில் வரிசையாக நிற்கும் களங்கண்டித் தடிகள். பேச்சை அவசரப்படுத்தாத வழி அது. அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் ஆலயம் வரும். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் எறிகணைகளுக்கு அஞ்சி மக்கள் தஞ்சம் புகுந்த இடம்; அங்கேயே உயிர்கள் பலியாயின. அதன் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதத்தில் காணாமற்போனார். அங்கு இறங்கிச் சற்றுநேரம் முழந்தாட்படியிடுங்கள். எம்மாவு வழியில் சென்றவர்களும் தம் நகரில் நடந்த கொலையைப் பற்றியே பேசிச் சென்றனர். பின்னர் ஊர்காவற்றுறைத் துறையில் அமர்ந்து, நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்தவாறு பேசலாம்; பேசாமலும் இருக்கலாம். பழைய நண்பரிடம் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இனி இரவுணவு. எம்மாவில் அன்று சமைத்தவர் யாரென லூக்கா கூறவில்லை. எம் வீடுகளில் அக்கேள்விக்கே இடமில்லை. ஆண்கள் இருவர் நாள் முழுதும் காற்று வாங்கி வர, வீட்டுக்காரி பிற்பகல் தொடங்கி அடுப்போடு நிற்பார். உண்ட நண்பர் சமையலைப் புகழ்வார். புகழப்பட்டவர் கடைசியாக, தனியாக உண்பார். மார்த்தாவைக் குறைகூறும் மறையுரைகள் பலவற்றைக் கேட்டிருக்கின்றோம். கேட்டுவிட்டு வீடு திரும்பி, மார்த்தா ஆக்கிய சோற்றையே உண்டோம்! தன் சகோதரி தன்னைத் தனியே பணிசெய்ய விட்டுவிட்டாள் என்பதுதான் அவரின் முறைப்பாடு. அதில் தனிமை என்னும் பாதியை நாம் காது கொடுத்துக் கேட்டதில்லை.

ஆண்டவரோ தாமே அடுப்பு மூட்டியவர். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்த சீடர் எழுவருக்கு அவர் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்திருந்தார். கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது. மற்றைய இடம் தலைமைக் குருவின் முற்றம். அங்குதான் குளிர்காய்ந்தபடி பேதுரு தம் நண்பரை அறியேன் என்றார். அதே பேதுருவுக்கு அத்தகையதொரு நெருப்பிலேயே உணவு தயாரானது. மீன் ஏற்கெனவே நெருப்பில் இருந்தும், நீங்கள் பிடித்தவற்றிலும் சில கொண்டுவாருங்கள் என ஆண்டவர் கேட்டார். விருந்தினரின் கைக்கும் அவர் வேலை வைத்தார். அவர்கள் உண்டு முடிக்கும்வரை, அன்பு செய்கின்றாயா என்ற அந்தக் கடினமான கேள்வியை எழுப்பவுமில்லை.

எம்மிடம் இதற்கேற்ற உணவு உண்டு: ஒடியற்கூழ். ஒருவர் தனியே ஆக்கி ஒருவர் தனியே குடிப்பதற்கான பண்டமன்று அது. திரும்பும் வழியில் மீன், நண்டு, இறால், கணவாய் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ளோர் ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கைப்பைப் போக்கியிருக்கட்டும்; அதற்குமேல் எதையும் அவர்களிடம் கேளாதீர்கள். நண்பர் நண்டைத் துப்புரவாக்கட்டும். நீங்கள் பயிற்றங்காயையும் மரவள்ளிக்கிழங்கையும் வெட்டுங்கள். பிள்ளைகள் பலாக்கொட்டை உரிக்கட்டும், முருங்கையிலை ஆயட்டும். செத்தல் மிளகாய் இடிப்பவரின் தும்மலுக்கு எல்லோரும் சிரிப்பார்கள். மாவையும் புளியையும் கரைத்துவிட்ட பின் அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கை மாற ஆள் வேண்டும்.

‘ஆண்டவரின் நாள்’ என்னும் 1998ஆம் ஆண்டுத் திருமடலில் புனித இரண்டாம் யோவான் பவுல், ஞாயிறைப் பகிர்வின் நாளாக்க வழிகள் சொல்லும்போது, தனித்திருப்போரை உணவுக்கு அழைப்பதையும் குறிப்பிட்டார். பானை பெரிதாயின், பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட அயல்வீட்டு அம்மாவையும் கூப்பிடுங்கள்.

முற்றத்தில் பாய் விரித்து, பனையோலைப் பிளாவில் ஊற்றியதும் கூழைக் குடித்துவிட இயலாது. சூடு ஆற நேரமெடுக்கும். பகல் முழுதும் பிறரின் கதைகளையே சொல்லிவந்த நண்பர், தந்தையின் அடக்கத்துக்குத் தாம் வர இயலாமற்போனதை அப்போதுதான் சொல்லத் தொடங்குவார். அவ்வேளை வீட்டுக்காரியும் பாயில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். அகப்பை உங்கள் கையில் இருக்கட்டும்.