எரிக் லிடெல்

எரிக் ஹென்றி லிடெல் (16 ஜனவரி 1902 – 21 பிப்ரவரி 1945) ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஓட்டப்பந்தய வீரர், ரக்பி ஆட்டக்காரர், பள்ளி ஆசிரியர், கிறித்தவ மறைப்பணியாளர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார்.

ஸ்காட்லாந்திலிருந்து சென்ற மறைப்பணியாளர்களின் மகனாகச் சீனாவின் தியான்சின் நகரில் பிறந்தார். ஆறு வயதில் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றார். அக்காலத்தில் ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஏழு பன்னாட்டுப் போட்டிகளில் ஆடினார். 1923இல் ஸ்டோக் நகரில் நடந்த 440 கெஜ ஓட்டத்தில் தொடக்கத்திலேயே இடறி விழுந்தவர், எழுந்து ஓடி முதலாவதாக வந்தார்.

அவருக்கு மிகவும் கைவந்தது 100 மீட்டர் ஓட்டம். ஆனால் பாரிஸில் அதன் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை அன்று அமைந்திருந்தது. ஞாயிறு இறைவனுக்குரிய ஓய்வு நாள் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. ஆகவே ஓட மறுத்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்த தொடரோட்டங்களிலிருந்தும் விலகினார். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) திரைப்படத்தில், பாரிஸுக்குக் கப்பலேறும்போதுதான் அவருக்கு இச்செய்தி தெரிவதாகக் காட்டுவார்கள். படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். உண்மையில் போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். கடைசி நிமிடத்தில் உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு அல்ல அது; மாதக்கணக்கில் விமர்சனங்களைத் தாங்கிக்கொண்டு கடைப்பிடித்த முடிவு. அந்த இடைவெளியில் 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி எடுத்தார்.

200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11 அன்று நடந்த 400 மீட்டர் இறுதிப் போட்டியில் அவருக்கு வெளி ஓரத் தடம் ஒதுக்கப்பட்டது. அத்தடத்தில் ஓடுபவர் மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க முடியாது. லிடெல் தொடக்கம் முதலே முழு வேகத்தில் ஓடி, 47.6 வினாடிகளில் வென்றார். அவர் ஓடாத 100 மீட்டரில் இங்கிலாந்தின் ஹரால்டு ஆபிரகாம்ஸ் தங்கம் வென்றிருந்தார்.

மறு ஆண்டே, 23 வயதில், தியான்சினுக்குத் திரும்பி, அங்குள்ள ஆங்கில–சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். பதக்கத்தைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆசிரியராக இருந்தவன் என்பதால் வந்த பாரபட்சமாகவும் இருக்கலாம். 1934இல் புளோரன்ஸ் மெக்கன்சி என்ற கனடியப் பெண்ணை மணந்தார். போர் மேகம் சூழவே, 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை.

1943இல் ஜப்பானியப் படையினர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றோரைப் பிரிந்து வாடிய பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுக்கு அவர் 'எரிக் மாமா'. ஆய்வுக்கூடம் இல்லாத நிலையில் கருவிகளைக் கையால் படம் வரைந்து வேதியியல் கற்பித்தார். விளையாட்டுகளையும் நடத்தினார், ஞாயிறு நீங்கலாக. ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் நடுவரின்றி ஹாக்கி ஆடி, ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார். ஒலிம்பிக்கில் தமக்காக ஓட மறுத்த நாளில், பிள்ளைகளுக்காக மைதானத்தில் இறங்கினார்.

மூளைக்கட்டியால் அவர் முகாமிலேயே இறந்தார். அதற்கு ஆறு மாதங்களுக்குப் பின் அம்முகாம் விடுவிக்கப்பட்டது. 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கொண்டுவந்த கருங்கல்லில் அவருக்கு அங்கே நினைவுக்கல் நாட்டியது.